கோஹாவின் தேடலுக்கு ஜீப்ராவா, எலாஸ்டிக்சர்ச்சா?

கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்குத் தேடல் வேலையைச் செய்ய ஜீப்ரா, எலாஸ்டிக்சர்ச் என்று இரண்டு தேடுபொறிகள் உண்டு. அதைப் பயன்படுத்தும் நூலகர்களிடையே எது நல்லது என்ற கேள்வி வந்தால், எது வேகமாகத் தேடும், எது முடிவுகளை நன்றாக வரிசைப்படுத்தும் என்றுதான் பேச்சு போகிறது. அதை விட முக்கியமாக எனக்குப் படுவது, சர்வரைக் கிளப்புவதும் நாள் முழுக்கக் கண்காணிப்பதும் ஒழுங்காக நிறுத்துவதும் எதில் எளிது என்பதுதான். பல கல்லூரிகளில் சர்வருக்கென்று தனி ஆள் கிடையாது. நூலகரேதான் அதையும் பார்க்க வேண்டும். தேடல் நின்றுபோனால் மாணவர்கள் வந்து நிற்பதும் அவர் மேசை முன்னால்தான்.

ஜீப்ரா டென்மார்க்கின் இண்டெக்ஸ் டேட்டா நிறுவனம் சி மொழியில் எழுதியது. நூலகங்கள் ஒன்றின் கேட்லாகில் இன்னொன்று தேட உதவும் இசட்39.50 நெறிமுறையை மனதில் வைத்தே உருவானது. எலாஸ்டிக்சர்ச் ஜாவாவில் ஓடுவது, லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பின் மேல் கட்டப்பட்டது. அது நூலகங்களுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. கோஹாவின் சிஸ்டம் அமைப்புகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். எதையும் மாற்றாமல் விட்டால் ஜீப்ராதான்.

கிளப்புவதில் ஜீப்ராவுக்கு நிகர் இல்லை. டெபியன் என்ற லினக்ஸின் பொதியில் நிறுவியிருந்தால் கோஹா-ஜீப்ரா என்ற கட்டளையுடன் ஸ்டார்ட்டும் நூலகத்தின் பெயரும் கொடுத்தால் போதும், உடனே எழுந்துவிடும். ஒரே சர்வரில் மூன்று நூலகங்கள் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனி ஜீப்ரா. ஒன்றை நிறுத்தினாலும் மற்றவை ஓடும். நினைவகமும் கொஞ்சம்தான் கேட்கும்.

எலாஸ்டிக்சர்ச் அப்படியில்லை. ஜாவா எழுந்து, இண்டெக்ஸ்களை, அதாவது தேடலுக்கான அட்டவணைகளைத் திறந்து, 9200 போர்ட்டில் பதில் சொல்லச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் யாராவது தேடினால் பிழைதான் வரும். ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகமான ஹீப், மொத்த ரேமில் பாதியைத் தாண்டக் கூடாது. அதே கணினியில் கோஹாவின் டேட்டாபேஸான மரியாடிபியும் கோஹாவும் இருந்தால், 4 ஜிபி ரேம் சீக்கிரமே பற்றாமல் போகும். அப்போது லினக்ஸ் தானாகவே ஏதோ ஒரு பெரிய புராசஸைக் கொன்றுவிடும். இன்னொரு பொறி: பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு பிளக்இன் கோஹாவுக்குத் தேவை, அதன் பதிப்பும் எலாஸ்டிக்சர்ச்சின் பதிப்பும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான அப்டேட்டில் எலாஸ்டிக்சர்ச் மட்டும் உயர்ந்துவிட்டால் சர்வர் எழாது. பழைய பிளக்இன்னை நீக்கிப் புதிதாகப் போட்ட பிறகுதான் ஓடும்.

கண்காணிப்பு வேறு கதை. இங்கே எலாஸ்டிக்சர்ச் தெளிவாகப் பேசுகிறது. கிளஸ்டர் ஹெல்த் என்ற முகவரியைக் கேட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலை சொல்லும். ஒரே சர்வர் வைத்திருப்பவர்கள் மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நகலை வைக்க இரண்டாவது சர்வர் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். சிவப்புதான் ஆபத்து. டிஸ்க்கையும் கவனிக்க வேண்டும்: வழக்கமான அமைப்பில் 95 சதவீதம் நிரம்பினால் இண்டெக்ஸில் எழுதுவதை அது நிறுத்திவிடும். தேடல் ஓடிக்கொண்டே இருக்கும், புதுப் புத்தகங்கள் மட்டும் வராது.

ஜீப்ராவிடம் ஸ்டேட்டஸ் கேட்டால் ஓடுகிறதா இல்லையா என்பதோடு சரி. அதை மட்டும் நம்பக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். தேடலுக்குப் பதில் சொல்வது ஒரு புராசஸ், புதுப் பதிவுகளை இண்டெக்ஸில் ஏற்றும் இண்டெக்ஸர் இன்னொன்று. முன்னது ஓடி, பின்னது செத்திருந்தால் பழைய புத்தகங்கள் எல்லாம் கிடைக்கும், நேற்று வந்த புத்தகம் கிடைக்காது. அதைக் கண்டுபிடிக்க டேட்டாபேஸில் ஜீப்ராகியூ என்ற டேபிளைப் பாருங்கள். அதில் டன் (done) என்ற நெடுவரிசை பூஜ்யமாக இருக்கும் வரிசைகள்தான் இன்னும் ஏறாதவை. சாதாரணமாகச் சில விநாடிகளில் அவை குறைந்துவிடும். அவற்றின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் இண்டெக்ஸரைத் திரும்பக் கிளப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்த எண்ணிக்கையைத் தினமும் காலையில் மின்னஞ்சலில் அனுப்ப குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு சின்ன கிரான் ஸ்கிரிப்ட் போதும்.

இந்த டேபிளே ஜீப்ராவின் பெரிய பலமும்கூட. ஜீப்ரா கீழே கிடந்தாலும் மாற்றங்கள் டேட்டாபேஸில் வரிசையில் காத்திருக்கும், திரும்ப எழுந்ததும் ஏறும். எலாஸ்டிக்சர்ச் கீழே இருக்கும்போது சேமித்த பதிவுகளுக்கு அப்படி எல்லாம் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் தொட்ட பதிவுகளை எண் கொடுத்து மறுபடி இண்டெக்ஸ் செய்துவிடுங்கள்.

நிறுத்தும்போது ஜீப்ராவில் முதலில் இண்டெக்ஸர், பிறகு ஜீப்ரா, கடைசியாக டேட்டாபேஸ். அன்றாட மாற்றங்களை அது ஷேடோ என்ற தனி இடத்தில் எழுதிவிட்டுத்தான் உண்மையான இண்டெக்ஸில் சேர்க்கிறது. அதனால் நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் தாங்கும். முழு இண்டெக்ஸையும் அழித்துப் புதிதாகக் கட்டும்போது மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை நூலகம் மூடிய பிறகு, யூபிஎஸ் நம்பிக்கையாக இருக்கும் நாளில் செய்யுங்கள்.

எலாஸ்டிக்சர்ச்சை சிஸ்டம்சிடிஎல் வழியாக நிறுத்தினால் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கும். நேரமாகிறதே என்று புராசஸை அப்படியே கொல்லும் கில் மைனஸ் 9 கட்டளையைப் போடாதீர்கள். திடீரென்று நின்றாலும், மாற்றங்களைக் குறித்து வைக்கும் டிரான்ஸ்லாக்கை வைத்து மீண்டுகொள்ளும். ஆனால் அடுத்த தடவை எழ இன்னும் நேரம் பிடிக்கலாம்.

தமிழ்ப் புத்தகங்கள் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜீப்ராவின் பழைய எழுத்து வரைபட முறை லத்தீன் எழுத்துகளுக்கானது. அதை ஐசியுவுக்கு மாற்றி முழு இண்டெக்ஸையும் ஒரு முறை கட்டாவிட்டால் தமிழ்த் தேடல் சரிவராது. எலாஸ்டிக்சர்ச்சில் ஐசியு ஏற்கெனவே இருப்பதால் இந்த வேலை மிச்சம்.

ஒரே நூலகம், சாதாரண சர்வர், அடிக்கடி கரண்ட் போகும் கட்டடம் என்றால் ஜீப்ராவையே வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலை மின்னஞ்சலோடு. பல கிளைகள், லட்சக்கணக்கான பதிவுகள், தாராளமான ரேம், வாரம் ஒரு முறையாவது லாக் பார்க்க ஒரு ஆள் இருந்தால் எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போகலாம். போவதற்கு முன் ஒரு சோதனைச் சர்வரில் ஏற்றி, அப்டேட் ஒன்று செய்து, நிறுத்தி, திரும்பக் கிளப்பிப் பாருங்கள்.