மயிலின் கண் தெளிவாகத்தான் இருந்தது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், நம் நேரம்" என்று விட்டுவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும். போனது 68,000 ரூபாய். ஏழு திருமணங்களில் சிறுகச் சிறுக ஒதுக்கிய பணம். பழைய லென்ஸ் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடக்கும்போது பெயர் வேண்டாம் என்கிறான் வழக்கறிஞராக இருக்கும் நண்பன். பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்கும் மாடிக் கடை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

திண்டுக்கல் பக்கம் திருமணப் படம் எடுப்பது என் தொழில். எங்கள் பக்கத்து முகூர்த்தம் பாதி நாட்களில் விடிவதற்கு முன்பே வந்துவிடும். மண்டபத்து மேடையில் ஓமப் புகை. ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் முழுவதையும் புகை வாங்கிக்கொண்டு, மணமகள் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்றால், என்னிடம் இருந்த எஃப் 2.8 ஜூமில் (எஃப் எண் சிறிதானால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் அதிகம்) ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 12,800 வரை ஏற்ற வேண்டும். பட்டுப்புடவை மணல் தூவியதுபோல் ஆகிவிடும். எஃப் 1.4 லென்ஸ் இருந்தால் அதே வெளிச்சத்தில் 3,200 போதும். மேடையில் பின்னால் நகர இடமும் கிடையாது. வீடியோக்காரர், அத்தை, சித்தப்பா, தட்டு ஏந்திய பெண்கள் என்று எல்லோரும் முதுகில் இடிப்பார்கள். அதனால் 35 மி.மீ. லென்ஸின் அகலம் போதாது; மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும். 20 மி.மீ. போட்டால் ஓரத்தில் நிற்பவர் தலை பூசணிக்காய்போல் இழுபடும். 24 மி.மீ. என்று முடிவு செய்ததற்கு இவ்வளவு காரணம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மனைவி கேலி செய்தாள், பெண் பார்க்கும்போதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லையாம். சிக்மா நிறுவனத்தின் 'ஆர்ட்' வரிசையில் முதல் 24 மி.மீ. லென்ஸ் 2015இல் வந்தது. படம் அருமை, ஆனால் முதலில் டி.எஸ்.எல்.ஆர். என்ற, உள்ளே பிம்பம் காட்டும் கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமராவுக்காகச் செய்தது, 665 கிராம். பன்னிரண்டு மணி நேரம் கழுத்தில் தொங்கவிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் புரியும். 2022இல் அதே சிக்மா அந்தக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராவுக்கென்றே டி.ஜி. டி.என். என்று புதிதாகச் செய்தது, சுமார் 520 கிராம். ஃபோகஸ் வளையத்தைப் பூட்டி வைக்கும் விசைகூட உண்டு. சாம்யாங் 24 எஃப் 1.8 வெறும் 230 கிராம், விலையும் குறைவு. ஆனால் 1.4க்கும் 1.8க்கும் இடையில் மூன்றில் இரண்டு ஸ்டாப் போய்விடுகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). ஐ.எஸ்.ஓ. 3,200 இருந்த இடத்தில் 5,000. என் மண்டபங்களுக்கு அது பெரிய இழப்பு. சோனியின் 24 ஜி மாஸ்டர் 2018இல் வந்தது, 445 கிராம்தான். எஃப் 1.4இலேயே படத்தின் நான்கு மூலையும் தெளிவு. அதற்காகத்தான் அதற்கு அவ்வளவு விலை. புதிதாக வாங்க வசதி இல்லை. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் ஜி மாஸ்டர், இல்லாவிட்டால் சிக்மாவின் புதியது என்று தீர்மானித்துவிட்டு அந்தக் கடைக்குப் போனேன்.

மூன்று மாத யோசனை பத்து நிமிடத்தில் எப்படிக் கவிழ்ந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் சிறிய டார்ச். "உட்காருங்கள் தம்பி" என்று காபி வரவழைத்தார். அலமாரியில் கேனன் 24 எஃப் 1.4, இரண்டாம் பதிப்பு ஒன்று இருந்தது. விலைச்சீட்டைப் பார்த்து எனக்கே ஆசை வந்துவிட்டது. "அண்ணா, அடாப்டர் வளையம் போட்டு இதை என் கேமராவில் மாட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்டேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை, வெள்ளி நூல்களாகக் கிளை பிரிந்து கிடந்தது. "இதை உங்களுக்குக் கொடுத்தால் எனக்குத் தூக்கம் வராது தம்பி" என்றார்.

அங்கேதான் விழுந்தேன். தன் கடைப் பொருளைத் தானே வேண்டாம் என்கிற மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அதன் பிறகு உள்ளேயிருந்து துணியில் சுற்றிய ஜி மாஸ்டரை எடுத்துவந்தார். டார்ச் அடித்தார், பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. ஒளித்துளையைக் கூட்டிக் குறைக்கும் வளையம் டிக் டிக் என்று சுழன்றது. "மாட்டிப் பாருங்கள், திருப்தியானால் மட்டும் பணம்" என்றார். எதிர்ச் சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. அவரே கையைக் காட்டினார்: "மயிலின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்." வைத்தேன். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மயிலின் கண் அப்படியொரு தெளிவு, இமை முடியை எண்ணலாம். படத்தின் நடுவை மட்டுமே பார்த்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அலைபேசியில் 68,000 ரூபாய் அனுப்பினேன். பையன் கையால் எழுதிய ரசீது கொடுத்தான். கடைக்காரர் "ஏதாவது என்றால் நான் இருக்கிறேன், தம்பி" என்று படி வரை வந்து வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். படங்களைத் திங்கள் இரவு கணினியில் திறந்தேன். மணமகனும் மணமகளும் நடுவில், மிக அழகு. மேடைக் குடும்பப் படத்தில் வலது ஓரத்தில் நின்றவர் முகம் மெழுகு உருகியதுபோல் இருந்தது. அசைந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த படம், அதே. அதற்கடுத்தது, அதே. இடது ஓரத்தில் நின்ற சிறுவனின் காதணிகூடத் தெளிவு. வலது ஓரம் எல்லாப் படத்திலும் கஞ்சி ஊற்றியதுபோல். அந்த வலது ஓரத்தில் நின்றவர் யார் தெரியுமா? பெண்ணின் தாய்மாமன். மேடையில் யாரை விட்டாலும் விடலாம், தாய்மாமனை விட முடியுமா? சீர் கொண்டுவந்த மனிதர் ஆல்பத்தில் முகமில்லாமல் நிற்கிறார்.

மறுநாள் இரவே லென்ஸை விண்மீன்களில் சோதிக்க முக்காலியைத் தூக்கிக்கொண்டு சிறுமலைக்குப் போனேன். நிலா இல்லை. எஃப் 1.4, பத்து வினாடி. இடப்பக்க மூலையில் விண்மீன்கள் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக. வலப்பக்கத்தில் ஒவ்வொன்றும் தேய்த்துவிட்ட சுண்ணாம்புத் தடம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தேன். வானம் மாறியது, படத்தின் வலது ஓரம் மாறவில்லை. என் பழைய ஜூமை மாட்டினேன்; இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன. ஆகவே கேமராவில் குற்றமில்லை. இந்த லென்ஸுக்குள் 13 கண்ணாடிகள் 10 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்று மயிரிழை சாய்ந்தாலும் ஒரு பக்கம் இப்படிக் கெட்டுவிடும். கீழே விழுந்திருக்க வேண்டும், அல்லது யாரோ திறந்து சரியாக மூடாமல் விட்டிருக்க வேண்டும். டார்ச் எத்தனை அடித்தாலும் இது தெரியாது.

இனி நடந்தது கூத்து. புதனன்று தொலைபேசியில் கடைக்காரர், "எஃப் 1.4இல் எல்லா லென்ஸும் ஓரத்தில் அப்படித்தான் தம்பி, 5.6க்கு இறக்கி எடுங்கள்" என்றார். 5.6இல் எடுக்க நான் ஏன் 68,000 ரூபாய் கொடுக்க வேண்டும்? அதற்குத்தான் என் ஜூம் இருக்கிறதே! வியாழனன்று, "கேமரா மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள்." புதுப்பித்தேன், மாமன் முகம் வரவில்லை. சனிக்கிழமை பையன் எடுத்தான்: "முதலாளி வெளியூர் போயிருக்கிறார் சார்." பின்னால் அவர் குரல் கேட்டது. அடுத்த வாரம் நேரிலேயே போனேன். காபி இல்லை. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. "வேண்டுமானால் 30,000க்கு எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்காக" என்றார். எனக்காக!

சேவை மையத்தில் கொடுத்துப் பார்த்தேன். அங்கிருந்த பெண், மவுண்ட், அதாவது கேமராவில் மாட்டும் பக்கத்துத் திருகாணிகளை உருப்பெருக்கியில் காட்டினார். நான்கில் மூன்றின் தலை சிராய்த்து வெள்ளையாக இருந்தது. "இதை முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள் சார்." சரிசெய்ய 39,000 ரூபாய் ஆகும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நேற்று மாலை பதில் வந்தது: "இது எங்களிடம் வாங்கிய லென்ஸ்தான் என்பதற்கு என்ன சாட்சி?"

ரசீதை எடுத்துப் பார்த்தேன். "24 மி.மீ. லென்ஸ் 1, ரூ. 68,000." வரிசை எண் இல்லை. எழுதாமல் விட்டிருக்கிறார்கள், நானும் கேட்காமல் விட்டிருக்கிறேன். நல்லவேளை, அன்று காலண்டரை எடுத்த படம் என் மெமரி கார்டில் அழியாமல் கிடந்தது. அதில் நாள், நேரம், லென்ஸின் பெயர் எல்லாம் பதிவாகியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் மயிலின் கண். வலது ஓரத்தில் அவர் கடை அலமாரி, அதிலிருக்கும் பெட்டிகளின் எழுத்து ஒன்றுகூடப் படிக்க முடியாமல் கரைந்து கிடக்கிறது. சாட்சி முதல் நாளிலிருந்தே என் பையில்தான் இருந்திருக்கிறது. காபியைக் குடித்துக்கொண்டே அதைப் பார்க்காமல் விட்டேன். இதுதான் 68,000 ரூபாயைவிட அதிகமாக எரிகிறது.

இன்று காலை 1915க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். ஒத்துவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. சேவை மையத்தின் சீட்டும் காலண்டர் படமும் கையில் இருக்கின்றன.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். முடியவில்லை, இப்போதே கிளம்ப வேண்டும். அவசரமாக இவ்வளவு: கடையை விட்டு வெளியே வந்து எதிர்ச் செங்கல் சுவரை எஃப் 1.4இல் நேராக எடுங்கள், நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவைப் பார்க்கவே பார்க்காதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். திருகாணித் தலைகளைப் பாருங்கள். ரசீதில் வரிசை எண் எழுதாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். "நான் இருக்கிறேன்" என்றால் எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். வேறொரு லென்ஸின் குறையைத் தானாகக் காட்டுகிறவரிடம் இரண்டு மடங்கு கவனம்.

நாளை மறுநாள் வேடசந்தூரில் முகூர்த்தம், நாலரை மணிக்கு. அதே மாதிரி 24 மி.மீ. லென்ஸை மதுரையில் ஒருவரிடம் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன், நாளுக்கு 900 ரூபாய். பெண்ணின் தாய்மாமன் இன்று இரண்டு முறை அழைத்துவிட்டார், ஆல்பம் எப்போது வரும் என்று. இன்னும் எடுத்துப் பேசவில்லை.