எங்க டவுன் அரசாங்க கிளினிக்: தலைசுற்றலுக்குப் போனேன்

பதிவுக்கு ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்). காலையிலேயே போங்க, கூட்டம் அம்மாடி! டாக்டரம்மாவுக்கு மட்டும் முழு மார்க்.

படுக்கையில் புரண்டாலே வீடு சுற்றியது. பின் லயத்து அக்கா "பித்தம்டி, எலுமிச்சை தேய்"ன்னாங்க. ஒரு தனியார் கிளினிக்கில் மாத்திரை மட்டும் கொடுத்தாங்க, தூக்கம்தான் வந்தது.

இங்கே முதலில் கேள்விகள். எவ்வளவு நேரம் சுற்றுது, காது மந்தமா, பேச்சு குழறுதா, கை கால் மரத்ததா? பிறகு தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென மல்லாக்கச் சாய்த்தார். நான் கட்டிலைப் பிடித்துக் கத்த, அவரோ என் கண்ணையே பார்த்தார். கருவிழி துடித்ததாம். உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டன என்றார். ஈப்போவுக்கு ஸ்கேனுக்கு அனுப்புவாரோ என்று பயந்தேன், தேவையில்லையாம். அங்கேயே, அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும் எப்லி முறையில் தலையைக் கட்டம்கட்டமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் பிடித்து உட்காரவைத்தார். காசு வாங்காத மந்திரவாதிதான்!

தலைசுற்றல் திரும்ப வரலாமாம், வந்தால் இதையே செய்யலாம். இரட்டைப் பார்வை, வாய் கோணல், நடக்கவே முடியாத தள்ளாட்டம் என்றால் கிளினிக் வரிசையில் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.