ஸ்பிரிங் பட்டை என்று சொல்லி ரூ.17,280 ஏமாற்றிவிட்டார்கள்: பட்டறைக்காரர்கள் கவனத்துக்கு

பழைய இரும்பு வாங்கி உளி, சுத்தியல், வெட்டிரும்பு அடிக்கும் பட்டறைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கும் பணம் அனுப்புங்கள். லாரி ஸ்பிரிங் பட்டை (லாரியின் அடியில் பாரம் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை) என்று சொல்லப்பட்ட 240 கிலோ சரக்கை, கிலோ ரூ.62 வீதம் ரூ.14,880, வண்டி வாடகை ரூ.2,400, ஆக மொத்தம் ரூ.17,280 கொடுத்து வாங்கினேன். வந்து இறங்கியதில் முக்கால்வாசிக்கு மேல் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாத எம்.எஸ். இரும்பு, அதாவது சாதாரண மென் எஃகு.

விற்றவர் வெளியூரில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருப்பவர். பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் கொடுத்திருந்தார். புதிதாகப் பட்டறை போடும் ஒருவருக்குச் சம்மட்டி, வெட்டிரும்பு, குறடு எல்லாம் சேர்த்து அடித்துத் தர ஒப்புக்கொண்டிருந்ததால் எனக்கு நல்ல பட்டை அவசரமாகத் தேவைப்பட்டது. ஸ்பிரிங் பட்டைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இ.என். 45 போன்ற ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரையும் சிலிக்கன் 1.5 சதவீதத்துக்கு மேலும் இருப்பதால்தான், காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி இலேசாகச் சூடாக்கிப் பதம் இறக்கிய பிறகு அதில் அடித்த வெட்டிரும்பு முனை மழுங்காமல் நிற்கிறது. கார்பன் 0.25 சதவீதத்தைத் தாண்டாத எம்.எஸ். பட்டையை எந்த எண்ணெயில் எத்தனை முறை முக்கினாலும் அந்தக் கடினம் வராது.

நான் கேட்காமலேயே அவர் வீடியோ அழைப்பில் வந்து, ஒரு பட்டையைக் கிரைண்டரில் வைத்துக் காட்டினார். மத்தாப்புப் போலப் பொறி கிளை கிளையாகப் பிரிந்து வெடித்தது. கார்பன் உள்ள எஃகு அப்படித்தான் வெடிக்கும், ஆகவே அந்தப் பட்டை அசல்தான். அடுத்து அவர் சொன்னதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. “அண்ணே, நானும் பட்டறை வீட்டுப் பிள்ளைதான், எங்க தாத்தா இரும்பை வச்சு அடிச்ச அடைகல் இன்னும் வீட்ல கிடக்கு, உங்களுக்குப் போய் மட்டமான சரக்கை அனுப்புவேனா?” என்றார். பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும், நம் ஆட்களுக்குள் எதற்கு வீண் செலவு என்று அக்கறையோடு சொன்னவரும் அவர்தான். அன்று மாலையே ரூ.17,280 அவருடைய கணக்குக்குப் போய்விட்டது.

கட்டுகளைப் பிரித்தபோது வெளிப்பக்கம் இருந்தவற்றில் முனையில் வளையம் போலச் சுருட்டிய கண் வளைவும் நடுத் துளையும் இருந்தன. அவை உண்மையான ஸ்பிரிங் பட்டைகள். உள்ளே இருந்தவற்றில் கண்ணும் இல்லை, துளையும் இல்லை. 75 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன் என்று அளவைப் பொருத்தி, இலேசாக வளைத்து, கறுப்புப் பெயின்ட் பூசி, மேலே பழைய ஆயிலும் தடவியிருந்தார்கள். ஒரு துண்டைக் காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, குறட்டில் பிடித்துச் சம்மட்டியால் அடித்தேன். ஸ்பிரிங் எஃகாக இருந்திருந்தால் பட்டென்று ஒடிந்து சாம்பல் நிற மணிமணியான முறிவைக் காட்டியிருக்கும். இது சாவகாசமாக வளைந்து கொடுத்தது. அரம் போட்டால் வழுக்கவும் இல்லை, துருவித் தள்ளியது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. பெயின்டுக்கு அடியில் பல பட்டைகளில் துத்தநாக முலாம் இருந்தது. துணை மின்நிலையங்களில் எர்த் போடப் புதைக்கும் ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) பட்டைகள் அவை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும், நம் உலைச் சூடோ அதைத் தாண்டியது. வெள்ளைப் புகை கிளம்பியதும் உலையை அணைத்துவிட்டோம். ஆனாலும் உலைக்குக் காற்றடிக்கும் பிளோயர் பக்கம் நின்ற தம்பிக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வந்துவிட்டன. கறுப்புப் பெயின்ட் அடித்தவர்களுக்கு அடியில் இருப்பது என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்?

கிடங்குக்காரரை அழைத்துக் கேட்டபோது, “தண்ணியில தோய்ச்சீங்களா, எண்ணெயில தோய்ச்சீங்களா?” என்று எனக்கே தொழில் கற்றுக்கொடுத்தார். வளைந்த துண்டின் படத்தை அனுப்பியதும், பழைய இரும்புக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை என்றார். பிறகு வண்டிக்காரர் வழியில் சரக்கை மாற்றியிருப்பார் என்றார். வண்டிக்காரரோ, கட்டு பிரிபடாமல் வந்ததற்கு நீங்களே சாட்சி என்றார். கடைசியாகக் கிடைத்த பதில், எடை 240 கிலோ சரியாகத்தானே இருக்கிறது என்பது. இந்தத் துண்டுகளில் குறடு அடிக்கலாம், அதற்கு எம்.எஸ்.தான் நல்லது என்பதும் உண்மை. ஆனால் அதற்குக் கடையில் புதுப் பட்டையே ஏறக்குறைய இதே விலைக்குக் கிடைக்குமே, முலாம் இல்லாமல்!

செயலியின் உதவி எண்ணில் பேசிய பெண், பணம் எங்கள் வழியாகச் செல்லாததால் இது உங்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம் என்று மரியாதையாகச் சொல்லி முடித்துக்கொண்டார். கிடங்குக்காரர், தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று மிரட்டிவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். அது பொய். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகப் பொருள் வாங்குபவரும் நுகர்வோரே என்று 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ரூ.17,280 அனுப்பிய ரசீது, வீடியோ, எடைச் சீட்டு மூன்றையும் வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஒரு பட்டையின் பொறியைப் பார்த்து மொத்தக் கட்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள். கட்டைப் பிரிக்கச் சொல்லி நடுவிலிருந்து எடுத்துத் தேயுங்கள். கண்ணும் துளையும் இல்லாத முழுப் பட்டையைத் தொடாதீர்கள். பெயின்ட் பூசியதைச் சுரண்டிப் பார்க்காமல் உலையில் வைக்காதீர்கள். பில் தராதவருக்கு முன்பணம் வேண்டாம்.

இன்று காலை அதே நீலத் தார்ப்பாயில் அடுக்கிய அதே கட்டுகளின் படம் வேறொரு பெயரில் மறுபடியும் அந்தச் செயலியில் வந்திருக்கிறது, இந்த முறை கிலோ ரூ.58 என்று போட்டிருக்கிறார்கள்.