மீன் குஞ்சு ஏற்றும் முன்: கண்ணால் பார்ப்பதா, லேப்புக்கு அனுப்புவதா, தொட்டியில் போட்டு வைப்பதா?

மேச்சேரி சந்தையில் ஆடு பிடிக்கும்போது எங்கள் மாமா பல்லை விரித்துப் பார்ப்பார், கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பார், கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று வாலைத் தூக்கிப் பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டும் பார்ப்பார், அதற்கப்புறம்தான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவார். அதே மாமா ரெண்டாயிரம் மீன் குஞ்சு வாங்கும்போது ஆக்சிஜன் பாக்கெட்டை வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு "துள்ளுது, ஏத்துங்க" என்று முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஓமலூர்ப் பக்கம் இருக்கிற என் பண்ணைக்குட்டைக்கு நானும் மூன்று வருடம் அப்படித்தான் வாங்கினேன்.

மூன்றாவது வருடம் வாங்கியதில் பேன் வந்தது. மீன் பேன், ஆர்குலஸ். குஞ்சு விட்ட மூன்றாவது வாரம் கட்லாவெல்லாம் கரையோரக் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது, கடித்த இடம் புண்ணாகி, புண்ணுக்குள் பாக்டீரியா போய், தினமும் காலையில் கைவலையோடு இறங்கி செத்ததைப் பொறுக்குவதே வேலையாகிவிட்டது. விற்றவரைக் கேட்டால் "எங்க குளத்துல நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு, உங்க தண்ணியில கோளாறுங்க" என்றார். இல்லை என்று சொல்ல என் கையில் என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றும் இல்லை.

அதிலிருந்து மூன்று வழியையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன். விற்பவர் குளத்துக்கே போய்க் கண்ணாலும் மைக்ராஸ்கோப்பாலும் பார்த்து வாங்குவது ஒன்று. மாதிரி எடுத்து லேப்புக்கு அனுப்பி பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) முடிவு வந்தபின் ஏற்றுவது இன்னொன்று. வாங்கி வந்து நம் இடத்தில் தனித்தொட்டியில் சில வாரம் வைத்திருந்து அப்புறம் குளத்தில் விடுவது மூன்றாவது. மூன்றையும் செய்தால் ரொம்ப நல்லது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அரை ஏக்கர் குட்டைக்காரனுக்கு அது கட்டுப்படியாகாது, ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும், அதனால்தான் இந்த அலசல்.

கண்ணால் பார்ப்பதை மட்டமாக நினைக்காதீர்கள். போகிற நேரம்தான் முக்கியம். விடிகாலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும், ஏனென்றால் ஆக்சிஜன் குறைவாக இருக்கிற அந்த நேரத்தில்தான் செவுள் கெட்ட மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பத்து மணிக்குப் போனால் நமக்காகத் தேறினதாக எடுத்து ஹாப்பாவில் (குளத்துக்குள் கட்டுகிற வலைக்கூண்டு) போட்டு வைத்ததைத்தான் காட்டுவார்கள். ஒரு பேசின் தண்ணீரில் ஐம்பது குஞ்சைப் போட்டுக் கையால் தண்ணீரைச் சுழற்றிவிடுங்கள், நல்ல குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தும், நோஞ்சான் தண்ணீரோடு சுற்றி நடுவில் போய்க் கிடக்கும். நாலைந்தை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியோ சளி மூடியோ இருந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம். பேன், நங்கூரப் புழு, வெண்புள்ளி மூன்றும் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரே வயதுக் குஞ்சு என்கிறார்கள், பார்த்தால் பாதி ஒரு அங்குலம், பாதி மூன்று அங்குலம் என்றால் ரெண்டு மூன்று குளத்துச் சரக்கைக் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மைக்ராஸ்கோப் என்றதும் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிற சாதாரண ரகமே போதும். உயிரோடு இருக்கிற குஞ்சின் உடம்புச் சளியை லேசாக வழித்து, செவுள் நுனியில் ஒரு துணுக்கு வெட்டி, சிலைடில் அதே குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், டிரைகோடினா என்கிற ஒட்டுண்ணி பறக்கும் தட்டு மாதிரி சுற்றிக்கொண்டே போவது நன்றாகத் தெரியும், செவுள் புழுவும் நெளிவது தெரியும், வெண்புள்ளிக் கிருமிக்கு குதிரை லாடம் மாதிரி உட்கரு இருக்கும். செத்த மீனில் பார்த்துப் பயனில்லை, உயிர் போனதும் ஒட்டுண்ணிகளில் பாதி கழன்றுவிடும்.

இந்த வழியில் ஓட்டை ரெண்டு. வண்டியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் குஞ்சைப் பட்டினி போட்டு, உப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பது பல பண்ணைகளில் உள்ள வழக்கம், அது தப்பும் இல்லை, பயணத்தில் மீன் தாங்குவதற்காகச் செய்வது. ஆனால் மேலோட்டமாக இருந்த ஒட்டுண்ணியும் அதிலேயே உதிர்ந்துவிடுவதால் அன்று பார்க்கிற சிலைடு சுத்தமாகத்தான் இருக்கும். இரண்டாவது, வைரஸ். அது அந்தக் கண்ணாடிக்குள் வராது.

சரி, லேப்புக்கு வருவோம். இறால்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பத்து மடங்கு உஷார். 2009-ல் வன்னாமி என்கிற வெளிநாட்டு இறால் ரகம் வந்ததிலிருந்து வெளிநாட்டுத் தாய் இறால் சென்னை நீலாங்கரையில் இருக்கிற தனிமைப்படுத்தும் மையத்தில் சோதனை முடியாமல் பொரிப்பகத்துக்குப் போக முடியாது, குஞ்சு வாங்குகிற பண்ணைக்காரரும் இறாலுக்கு வரும் வெண்புள்ளி வைரஸுக்கு (மீனுக்கு வரும் வெண்புள்ளி வேறு) பிசிஆர் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார். அமெரிக்காவில் 2006-ல் கிரேட் லேக்ஸ் என்கிற பெரிய ஏரிகள் பக்கம் விஎச்எஸ் என்கிற வைரஸ் பரவியதும், சோதனை இல்லாமல் பல வகை உயிர்மீனை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாதென்று மத்திய அரசே உத்தரவு போட்டது. இங்கே நான் கெண்டைக் குஞ்சு பாக்கெட்டோடு எத்தனையோ தடவை மாவட்டம் தாண்டி வந்திருக்கிறேன், வழியில் யாரும் என்னவென்று கேட்டதில்லை. 

லேப்பின் பெரிய பலம், மீன் நோயைக் காட்டாத நிலையிலும் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா வளர்க்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். திலாப்பியா ஏரி வைரஸ் என்று ஒன்று, 2014-ல் இஸ்ரேலில் அடையாளம் கண்டார்கள், 2018-ல் இந்தியாவில் இருப்பதும் ஆய்விதழில் வந்துவிட்டது. குளத்தில் விட்ட முதல் மாதத்திலேயே கொத்துக் கொத்தாகச் சாகும், மருந்து கிடையாது. வெளியே ஒன்றும் தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிற மீனும் உண்டு. கிஃப்ட் என்கிற மேம்படுத்திய ஜிலேபி ரகத்தை வளர்க்க அரசிடம் பதிவு வேண்டும் என்பது தெரிந்த விஷயம், பதிவு வாங்க இவ்வளவு அலைந்தவர் குஞ்சுக்கு ஒரு சோதனை பார்க்காமல் விடுவது எனக்கு விளங்கவே இல்லை.

ஆனால் "லேப் ரிப்போர்ட் இருக்குங்கண்ணா" என்று ஒருவர் லேமினேஷன் போட்ட தாளை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன், போன வருடத் தேதி. ரிப்போர்ட் என்பது அந்தக் குளத்தில், அந்தத் தேதியில் பிடித்த அந்த மீன்களைப் பற்றியது மட்டும்தான். மாதிரி எடுத்த மறுநாள் வேறு குளத்து மீனைக் கொண்டுவந்து அதில் கொட்டினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. எந்த நோய்க்குப் பார்க்கச் சொன்னோமோ அதற்குத்தான் பதில் வரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஜிலேபி வைரஸுக்கு 'இல்லை' என்று வந்த மீனில் செவுள் நிறையப் புழு இருக்கலாம், பிசிஆர் அதைப் பற்றி வாயே திறக்காது.

அடுத்தது எண்ணிக்கை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நூற்றுக்கு 5 மீனில் நோய் இருக்கிற பெரிய குளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மீனை எடுத்து அனுப்பினால், அந்தப் பத்தும் நல்ல மீனாகவே அமைந்து, சுத்தம் என்று பதில் வர கிட்டத்தட்ட 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட மோசம். 60 மீன் எடுத்தால்தான் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்கும். நோய் நூற்றுக்கு 2 மீனில்தான் என்றால் 150 மீன் வேண்டும். சோதனை ஒருபோதும் தப்பாகாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஐந்து ஐந்து மீனாகச் சேர்த்து ஒரே குழாயில் பார்த்தால் 60 மீனுக்கு 12 சோதனைதான், செலவு குறையும், ஆனால் லேசாகத் தொற்றியிருந்தால் அந்தக் கலவையில் அமுங்கிவிடலாம். அதனால் மாதிரியை நாமே பிடிக்க வேண்டும், அதிலும் துள்ளுகிறதை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது, கறுத்துப்போனது, தலைகீழாக நீந்துகிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். விற்பவர் எடுத்துக் கொடுத்த பத்துக் குஞ்சை அனுப்புவது, பரீட்சை எழுதுகிறவனிடமே கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்வது மாதிரி.

இதில் சேலத்துக்காரனுக்குத் தூரம் ஒரு தொல்லை. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின நோய் ஆய்வகம் இருப்பது சென்னை மாதவரத்தில். மீனை ஐஸில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் ஜிலேபி வைரஸின் ஆர்என்ஏ (சோதனை தேடுகிற மரபுப்பொருள்) சிதைந்து, இருக்கிற நோயே இல்லை என்று வந்துவிடலாம். எந்த உறுப்பை, எந்தத் திரவத்தில் போட்டு அனுப்புவது என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு அதன்படி எடுக்க வேண்டும். பதில் வரும்வரை விற்பவர் நமக்காகக் காத்திருக்க வேண்டும், சீசனில் யார் காத்திருப்பார்? மத்திய அரசு 2023-ல் 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்று ஒரு செயலி விட்டிருக்கிறது, ஆனால் அது நோய் வந்தபின் தெரிவிப்பதற்கு, வாங்குமுன் பார்ப்பதற்கு அல்ல.

மூன்றாவது, தொட்டி. என் ஓட்டு இதற்குத்தான். ஏன் என்றால் மேலே சொன்ன ரெண்டும் ஒரு நாளைப் போட்டோ எடுப்பவை, தொட்டி நாட்களைக் காட்டுகிறது. வெண்புள்ளிக் கிருமி தோலுக்குள் இருக்கும்போது சாதாரண மருந்து அதைத் தொடாது, வெளியே வந்து தண்ணீரில் நீந்துகிற கட்டத்தில்தான் சாகும், அதனால் ஒரு முக்கலில் போகாதது மூன்று வாரத் தொட்டியில் தானாக வெளியே வந்துவிடும். நான் செய்வது இதுதான்: சவுக்குக் கம்பு நட்டு, தார்ப்பாலின் விரித்த தொட்டி, குளத்திலிருந்து தள்ளி, ஏர் பம்போடு. போர் தண்ணியை நேராக விட்டால் அதில் ஆக்சிஜன் இருக்காது, குழாயில் வரும் காவிரித் தண்ணி என்றால் குளோரின் இருக்கும், எதுவானாலும் ஒரு நாள் காற்றடிக்க விட்டு அப்புறம்தான் மீன். இருபத்தியொரு நாள். அதற்கென்று தனி வலை, தனி வாளி, வேலை முடிந்ததும் பிளீச்சிங் பவுடரில் முக்கிச் சேலத்து வெயிலில் காயப் போட்டால் போதும். தொட்டித் தண்ணீர் தென்னைக்குப் போகிறது, வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் விடுவதில்லை, கீழே ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் வயிற்றில் நாம் அடிக்கக் கூடாது.

இன்னொரு வேலையும் செய்கிறேன், கடைசி வாரம் என் குளத்து மீன் பத்தைப் பிடித்து அதே தொட்டியில் சேர்த்துவிடுவேன். வந்தவன் ஏதாவது கொண்டுவந்திருந்தால் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது இந்தப் பத்தும்தான். பாவம்தான், வேறு வழியில்லை.

தொட்டியிலும் சிக்கல் உண்டு. நெருக்கமாகப் போட்டால் அம்மோனியா ஏறி நோயே இல்லாத மீனும் செத்துப்போகும், நாம் நோய் என்று நினைத்து மருந்தை ஊற்றிக்கொண்டிருப்போம். இருபதாயிரம் குஞ்சு இறக்குகிறவருக்குத் தொட்டி ஆகாது, அவர் ஒரு சின்னக் குளத்தையே ஒதுக்க வேண்டும், அவருக்கு லேப் செலவும் மீனுக்கு இத்தனை பைசா என்றுதான் விழும். ஐந்நூறு குஞ்சு வாங்குகிறவருக்கு லேப் கட்டணம் மீன் விலையையே தாண்டிவிடலாம், அவருக்குச் சிலைடும் தொட்டியும் போதும். எந்த அளவானாலும் ஜிலேபி என்றால் மட்டும் வைரஸுக்கு லேப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எந்தத் தொட்டி என்பதைவிட எங்கே தொட்டி என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிற சித்தப்பாவால். அவர் குட்டைக்குப் புல்கெண்டை, மிர்கால் எல்லாம் நான்தான் கீழே வைத்திருந்து ஏற்றி அனுப்புவேன். ஒரு கார்த்திகையில் இருபத்தியொரு நாள் ஒரு மீன்கூடச் சாகாமல் இருந்த மிர்கால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் சிவந்த குழிப்புண். புண் நோய், இயூஎஸ். அஃபனோமைசிஸ் என்கிற பூஞ்சை மாதிரியான உயிரி, 1988-ல் வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் வந்தது, மழைக்கும் குளிருக்கும் பின் தண்ணீர் 18–22 டிகிரிக்கு இறங்கும்போதுதான் பெரும்பாலும் தாக்கும், விரால் என்றால் கொள்ளை ஆசை அதற்கு. என் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி. மீன் கொண்டுபோனதா, மலைக் குட்டையிலேயே இருந்ததா என்று இன்றுவரை எனக்கும் சித்தப்பாவுக்கும் தீரவில்லை, ஆனால் 28 டிகிரியில் மூன்று வாரம் என்ன, மூன்று மாதம் வைத்திருந்தாலும் அது முகத்தைக் காட்டாமலே இருந்திருக்கலாம். ரிசார்ட் குளத்துக்குக் கோய் மீன் ஏற்றுகிறவர்களும் இதைக் கவனியுங்கள், கோய் ஹெர்பஸ் வைரஸும் 18–28 டிகிரிக்குள்தான் ஆட்டம் காட்டும், சூட்டில் பதுங்கிக் கிடக்கும். நம் பக்கம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

அதனால் மலைக்குப் போகிற மீனுக்குத் தொட்டி மலையில்தான். குளிரில் வெண்புள்ளியின் சுற்றும் வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் அங்கே 21 நாள் போதாது, சித்தப்பா முப்பதுக்கு மேல் வைக்கிறார். புண் நோய்க்குக் கெண்டைகளில் சாதா கெண்டை நன்றாகத் தாங்கும் என்பதால் மிர்காலை விட்டுவிட்டு அதற்கு மாறிவிட்டார்.

இப்போது என் தொட்டியில் அறுநூறு சாதா கெண்டை, இன்று ஒன்பதாவது நாள். ஏற்றுமுன் ஒட்டுண்ணியை மட்டும் இங்கேயே கழித்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன். நேற்று ரெண்டு செத்தது, இன்று காலை உயிரோடு ஒன்றை எடுத்துச் சளி வழித்துப் பார்த்தால் தட்டுத் தட்டாகச் சுற்றுகிறது டிரைகோடினா. உப்புப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வைத்த வண்டிக்காரரிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லியாகிவிட்டது, சித்தப்பாவுக்குத்தான் இன்னும் போன் பண்ணவில்லை.