டேப்லெட்டில் மெய்ப்புத் திருத்தம்: எந்தச் செயலி யாருக்கு?

புத்தக மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்கான படியை, தாளில் அச்செடுத்துக் கூரியரில் அனுப்பும் வழக்கம் பதிப்பகங்களில் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிடிஎஃப் மின்னஞ்சலில் வருகிறது, சில சமயம் வாட்ஸப்பிலேயே வந்து விழுகிறது. டேப்லெட்டில் திருத்தி அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செயலி தேடும்போது பேனா எவ்வளவு வழுக்கி ஓடுகிறது, எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். எழுதிப் பார்க்க அதெல்லாம் சுகம்தான். ஆனால் மெய்ப்புக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் போட்ட திருத்தம் கோப்புக்குள் எந்த உருவில் போய்ச் சேருகிறது? பக்க வடிவமைப்பாளரின் கணினியில் அது எப்படித் திறக்கிறது?

பிடிஎஃப் 1993இல் அடோபி கொண்டுவந்த வடிவம். 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரமாகிவிட்டது. அந்தத் தரத்திலேயே குறிப்புகளுக்கு இடம் உண்டு. ஹைலைட், அடித்தல் கோடு, ஒட்டுக்குறிப்பு, கையெழுத்துக் கோடு எல்லாம் பக்கத்தின் மேல் தனித்தனிப் பொருளாக நிற்கும். இந்த முறைப்படி எழுதும் செயலியில் திருத்தினால், வேறு பெரும்பாலான ரீடர்களிலும் குறிப்புகள் தெரியும். கணினியில் அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட்டில் பக்கவாட்டில் வரிசையாகப் பட்டியல் வரும்; வடிவமைப்பாளர் ஒவ்வொன்றாகத் திருத்தி டிக் அடித்துக்கொண்டே போகலாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 2019 பதிப்பிலிருந்து பிடிஎஃப் குறிப்புகளை நேரே உள்ளே இழுக்கும் வசதியும் வந்திருக்கிறது. இன்னொரு வகைச் செயலி பிடிஎஃப்பைத் தன் நோட்டுக்குள் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் தன் வழியில் எழுதவிடும். வெளியே அனுப்பும்போதுதான் மறுபடி பிடிஎஃப் ஆக்கும்.

ஐபேடில் முதல் வகையின் முகம் பிடிஎஃப் எக்ஸ்பர்ட். உக்ரைனின் ஒடெசாவில் தொடங்கிய ரீடில் நிறுவனத்துடையது. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ இருக்கும் கோப்பை அங்கேயே திறந்து, அங்கேயே சேமிக்கும். நானூறு பக்க நாவலிலும் பக்கம் தாவுவது வேகமாக இருக்கிறது. இரண்டு கோப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க முடிவதால் முதல் மெய்ப்பையும் இரண்டாம் மெய்ப்பையும் ஒப்பிடுவது எளிது. முழு வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும். மாதம் நான்கைந்து புத்தகம் பார்ப்பவருக்கு அது தகும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பார்ப்பவருக்குத் தேவையில்லை. அடோபி அக்ரோபேட் ரீடரின் இலவசப் பதிப்பே ஹைலைட், அடித்தல், ஒட்டுக்குறிப்பு, கைக்கோடு எல்லாம் தந்துவிடுகிறது. அதில் பேனா வேலை சுமார்தான், திரை முழுக்க விளம்பர அழைப்புகளும் உண்டு. ஆனால் குறிப்பு பிசகாமல் போய்ச் சேர்வதில் அதற்குக் குறைவில்லை. ஆண்ட்ராய்டில் அந்த இடத்தில் நான் வைப்பது ஸோடோ. சாதாரணக் குறிப்பு வேலைக்குப் பணம் கேட்பதில்லை, கோப்பு இருக்கும் இடத்திலேயே சேமிக்கும்.

குட்நோட்ஸ், நோட்டபிலிட்டி, சாம்சங் நோட்ஸ் மூன்றும் இரண்டாம் வகை. கையெழுத்துக்கு இவைதான் ராஜா என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. சாம்சங்கின் டேப் எஸ் வரிசையில் எஸ் பென் என்ற பேனா பெட்டியோடு வருகிறது. சாம்சங் நோட்ஸில் அதை வைத்துத் தமிழ் எழுதினால், சுழியும் கொக்கியும் தாளில் எழுதியது போலவே விழும். குட்நோட்ஸிலும் அப்படியே. சிக்கல் எங்கே என்றால், இவற்றில் ஹைலைட்டர்கூட ஒரு பேனாக் கோடுதான். அது எந்தச் சொல்லோடும் ஒட்டியிருப்பதில்லை. ஏற்றுமதி செய்த பிடிஎஃப்பில் உங்கள் எழுத்து பக்கத்தோடு பக்கமாகக் கலந்துவிட்டால் கணினியில் குறிப்புப் பட்டியல் காலியாக இருக்கும். வடிவமைப்பாளர் முந்நூறு பக்கத்தையும் புரட்டி, எங்கே சிவப்பு தெரிகிறது என்று கண்ணால் தேட வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி விடுபட்டதை நீங்கள் மெல்லிய கோட்டில் காட்டியிருந்தால் அது தப்பிவிடும். தப்பிய பிழை அச்சேறும். பழி மெய்ப்பு பார்த்தவர் மேல்தான் வந்து விழும்.

நோட்டபிலிட்டியைப் பற்றி இன்னொன்று. 2021 நவம்பரில் அது சந்தா முறைக்கு மாறியபோது, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் ஓராண்டுக்குப் பிறகு வசதிகள் நின்றுபோகும் என்று முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கி, பழைய பயனர்களுக்கு அவை தொடரும் என்றார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் உங்கள் உழைப்பு ஒரு செயலியின் நோட்டுக்குள் மட்டும் இருந்தால், அதன் விலைக்கொள்கை மாறும்போதெல்லாம் நீங்களும் ஆட வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

தமிழுக்கே உரிய தொல்லைகள் தனி. எந்தச் செயலி விமர்சனத்திலும் இவற்றைப் பார்க்க முடியாது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நம் பதிப்பகங்களில், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அல்லாத எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு. அப்படி ஓர் எழுத்துருவான பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லைப் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்: ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கோப்புக்குள் இருப்பது அதுதான். தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. யூனிகோட் கோப்பும் எப்போதும் நம்பத்தக்கதல்ல. 'மொழி' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, கண்முன்னால் அந்தச் சொல் நிற்கும். நகலெடுத்துப் பார்த்தால் கொம்பு முன்னால் தனியாகவும் கால் பின்னால் தனியாகவும் பிரிந்து கிடக்கும். இது செயலியின் குற்றமல்ல, பிடிஎஃப் உருவான விதம் அப்படி. அதனால் 'தேடும் வசதி அபாரம்' என்று யார் சொன்னாலும், உங்கள் பதிப்பகத்துக் கோப்பு ஒன்றில் தேடிப் பார்த்த பிறகு நம்புங்கள்.

ஹைலைட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது பக்கத்தில் எந்த இடம் என்பதைத்தான் நினைவில் வைக்கும், எந்த எழுத்துருவானாலும் சரியான சொல்லின் மேல் நிற்கும். ஆகவே நான் பரிந்துரைக்கும் முறை இது. 'அந்த புத்தகம்' என்று இருந்தால், 'அந்த' என்பதை மட்டும் ஹைலைட் செய்து, அதன் குறிப்புப் பெட்டியில் 'ப் சேர்க்க' என்று தட்டச்சு செய்யுங்கள். பக்கத்தின் மேல் நேரடியாக எழுத்துப்பெட்டி வைத்துத் தமிழில் தட்டச்சு செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொரு கணினியில் திறக்கும்போது அந்தத் தமிழ் வெறும் கட்டங்களாக மாறுவதும் கொம்பு இடம் மாறுவதும் நடக்கிறது. குறிப்புப் பெட்டிக்குள் எழுதியதைக் கணினி தன் சொந்த எழுத்துருவில் காட்டும் என்பதால் அங்கே பிசகு வராது.

பேனாவை ஒதுக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். 'இந்தப் படத்தைக் கீழே இறக்கு', 'இந்த இரண்டு பத்திக்கும் நடுவே இடம் விடு' போன்றவற்றை அம்புக்குறி ஒன்று சொல்வதுபோல் நாலு வரிக் குறிப்பு சொல்லாது. அதற்கு மட்டும் பேனா. எல்லாவற்றையும் கையால் எழுதினால் சில செயலிகளில் ஒவ்வொரு கோடும் தனிக் குறிப்பாகப் பதிவாகி, 'க' எழுதியதற்கே பட்டியலில் இரண்டு மூன்று வரி ஏறிவிடும்.

ஆவணத்திலிருந்து துண்டுகளை எடுத்து ஒப்பிட்டுப் படிக்க உதவும் லிக்விட்டெக்ஸ்ட் செயலியை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அன்றாட மெய்ப்புக்கு அது வேண்டாம். ஆனால் மொழிபெயர்ப்பு, வரலாறு போன்ற நூல்களில் ஓர் ஆள்பெயர் 12ஆம் பக்கத்தில் 'கிருஷ்ணன்' என்றும் 280ஆம் பக்கத்தில் 'கிருட்டிணன்' என்றும் வரும்போது, அதற்கு நிகராக எனக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்து ஒரு துண்டை விரலால் இழுத்து ஓரத்துக் களத்தில் போட்டுவிடலாம். தொட்டால் மூலப் பக்கத்துக்கே அது கூட்டிப்போகும். இரண்டு விரலால் ஆவணத்தைச் சுருக்கினால் தொலைவில் இருக்கும் பக்கங்கள் அருகருகே வந்து நிற்கும். தமிழ்க் கோப்பில் துண்டைச் சொல்லாக எடுக்காமல் படமாக எடுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன எழுத்துருக் குப்பைதான் வந்து சேரும்.

ஐபேட்ஓஎஸ் 26இல், மேக் கணினிகளில் பிடிஎஃப் பார்க்கப் பயன்படும் ஆப்பிளின் பிரிவியூ செயலி ஐபேடுக்கும் வந்துவிட்டது. பத்துப் பக்கக் கட்டுரைக்கு அது போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

ஆக என் தேர்வு: ஐபேடில் தொழிலாகச் செய்பவருக்கு பிடிஎஃப் எக்ஸ்பர்ட், மற்றவருக்கு அக்ரோபேட் ரீடர், ஆண்ட்ராய்டில் ஸோடோ. தன் கையெழுத்துப் பிரதியைத் தானே படித்து ஓரத்தில் எண்ணங்களை எழுதிக்கொள்ளும் எழுத்தாளருக்குக் குட்நோட்ஸையோ சாம்சங் நோட்ஸையோ தயங்காமல் சொல்வேன். அவர் யாருக்கும் பட்டியல் அனுப்ப வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் புத்தகத்தைத் தொடும் முன் ஒரு பக்கத்தில் சோதனை செய்யுங்கள். ஒரு ஹைலைட், ஒரு அடித்தல், தமிழில் ஓர் ஒட்டுக்குறிப்பு, ஒரு பேனாக் கோடு. அதை வடிவமைப்பாளருக்கு அனுப்பி, அவர் திரையை ஒரு படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். நான்கும் தெரிகிறதா, பட்டியலில் நான்கும் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

கூடவே அவர் எப்படித் திருத்துகிறார் என்றும் கேட்டுவிடுங்கள். நம் ஊர் லேஅவுட் அறைகளில் பிடிஎஃப்பை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத் திருத்துகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அப்படி அச்செடுத்தால் ஒட்டுக்குறிப்பின் உள்ளே எழுதியது தாளில் வராது. வந்தாலும் குறிப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு அடையாளம் மட்டும்தான் நிற்கும். அக்ரோபேட்டில் குறிப்புத் தொகுப்பாக அச்செடுக்க வழி உண்டு, அதைச் செய்யச் சொல்லலாம். அவருக்கு அது சரிப்படாது என்றால் மேலே சொன்ன வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்: குட்நோட்ஸில் தடித்த சிவப்புப் பேனாவில் எழுதி, பக்கத்தோடு ஒட்டவைத்து அனுப்புவதுதான் அவருக்கு வசதி.