மேக் முகவரி நிலைக்காத லேப்டாப்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் கேபிள்காரர் மூலம் இணைய இணைப்பு வாங்கியவர்கள் பலருக்கு ‘மேக் பைண்டிங்’ பழகிய சொல். முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டுக்குரிய அடையாள எண்ணைப் பதிந்துகொண்டு, வேறு முகவரியுடன் வருவதைக் கேபிள்காரரின் சர்வர் ஏற்க மறுத்துவிடும். கல்லூரி விடுதிகள் சிலவற்றிலும் இதே நடைமுறைதான். அத்தகைய இடத்தில் லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புது முகவரியைக் காட்டினால், பதிவை மாற்றித் தரச் சொல்லிப் போன் செய்வதே வேலையாகிவிடும்.

முகவரியை மாற்றுவது யார் என்று அறியாமல் தீர்வு தேடுவது வீண். மேக் முகவரி 48 பிட் கொண்டது. 12 பதினறும இலக்கங்களாக (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்) எழுதப்படுகிறது. இடமிருந்து இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், அது தயாரிப்பாளர் பொறித்தது அன்று, மென்பொருள் உண்டாக்கியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விண்டோஸ் 10 முதல் வைஃபை அமைப்பில் ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிட வேண்டியதுதான், செலவே இல்லை. அதன் பிறகும் மாறுகிறதா, அல்லது கேபிள் செருகும் லேன் போர்ட்டிலும் மாறுகிறதா என்றால், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, அதிலுள்ள இத்டூல் கட்டளையால் கார்டின் நிரந்தர முகவரியைப் பார்க்க வேண்டும். கார்டின் நினைவகம் கெட்டு, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பூஜ்ஜியமாகவோ எல்லாம் எஃப் ஆகவோ வந்தால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் பல தாமாகவே ஒரு முகவரியை உண்டாக்கிக்கொள்கின்றன. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவேட்டிலும் அதைப் பெரும்பாலும் குறித்துவைக்கின்றன. நோய் இதுவானால்தான் கீழே உள்ள வழிகளை ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

மென்பொருளில் முகவரியை நிலைநிறுத்துவதே என் முதல் தேர்வு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘நெட்வொர்க் அட்ரஸ்’ என்ற இடத்தில், லேப்டாப்பின் அடியிலோ பெட்டியிலோ அச்சிட்டுள்ள பழைய முகவரியை இடைக்கோடின்றி எழுதினால் போதும். சில வைஃபை டிரைவர்கள் மட்டும் முன்சொன்ன நான்கு இலக்கங்களில் ஒன்று இரண்டாவதாக இருந்தால்தான் ஏற்கும். லினக்ஸில், கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் லிங்க் கோப்பில் எழுத வேண்டும். அங்கே கார்டை அடையாளம் காட்ட முகவரியைப் பயன்படுத்தினால், மாறுகிற ஒன்றைக் கொண்டு மாறுவதைப் பிடிக்க முயன்றதாகிவிடும். பாத், அதாவது மதர்போர்டின் பிசிஐ இணைப்பில் கார்டு அமர்ந்திருக்கும் இடமே சரியான அடையாளம். இந்த வழிக்குக் குறைகளும் உண்டு. இரண்டு இயங்குதளங்கள் இருந்தால் இரண்டிலும் எழுத வேண்டும். டிரைவரை மீண்டும் நிறுவினால் அமைப்பு அழிந்துபோகலாம். இயங்குதளம் எழுமுன், நெட்வொர்க் வழியாகவே கணினியைத் தொடங்கும் ‘நெட்வொர்க் பூட்’ முறைக்கு இது உதவாது.

முகவரி பதிந்திருக்கும் நினைவகமான கார்டின் ஈப்ராமையே திருத்தி எழுதுவது நோயின் வேரைத் தொடுகிறது என்றாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2008இல் லினக்ஸ் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்பில் இருந்த பிழை, இன்டெல் இ1000இ கார்டுகளின் நினைவகத்தைச் சிதைத்து, அவற்றுள் சிலவற்றைச் செயலிழக்கச் செய்தது. நினைவகத்தின் தவறான இடத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதுமான சான்று.

கார்டை மாற்றுவது வைஃபைக்கு மட்டுமே நடைமுறையில் சாத்தியம். லேன் சிப் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் போகுமுன் பழைய கார்டைக் கழற்றி மாடல் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 ஆகிய வைஃபை கார்டுகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், 201 அதற்கு ஏற்ற இன்டெல் சிப்செட் உள்ள கணினியில் மட்டுமே வேலை செய்யும். பழைய லேப்டாப்கள் சிலவற்றில், இயங்குதளத்துக்கு முன் கணினியைத் தொடங்கும் பயாஸே, தன் பட்டியலில் இல்லாத கார்டை மறுத்துவிடும். கார்டோடு இணைந்த இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகளை நகத்தால் நேர் மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முனை பிய்ந்து வந்துவிடும்.

யுஎஸ்பி லேன் அடாப்டர் அவசரத்துக்கு ஏற்றது. மிக மலிவானவற்றில் ஒரே முகவரி பல அடாப்டர்களில் பொறிக்கப்பட்டு வருவதுண்டு என்பதால், ஒரே வீட்டில் இரண்டு வாங்குபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டு இணைப்பு உள்ளவர்கள் இவை அனைத்துக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, நடுவில் ரௌட்டர் இருக்கிறதா என்பதே. ரௌட்டர் இருந்து, இணைப்பில் உள்நுழைவதும் அதுவே என்றால், கேபிள்காரர் அலுவலகத்துக்குத் தெரிவது அதன் முகவரி மட்டும். லேப்டாப் தினம் ஒரு முகவரி காட்டினாலும் அங்கே யாரும் தடுக்கப் போவதில்லை. சொந்த ரௌட்டரை அனுமதிக்காத விடுதியில் இருப்பவருக்கு இந்த வசதி இல்லை. அவர் டிவைஸ் மேனேஜரில் எழுதிய முகவரியையே விடுதி அலுவலகத்திலும் பதியச் சொல்ல வேண்டும்.