நடுக்கடலில் 2 வருட இன்டர்நெட்: தட்டை ஆன்டெனாவும் கரை சிம்மும்

ஊர் தூத்துக்குடி, சரக்குக் கப்பலில் மின்சாரப் பிரிவு அதிகாரி. நெட் நின்றால் கேப்டன் முதல் சமையல்காரர் வரை என் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் செயற்கைக்கோள் இணையத்தைப் பயன்படுத்தியதைவிட அதற்காகத் திட்டு வாங்கியதுதான் அதிகம்.

முன்பு இருந்தது பெரிய வெள்ளை டோம். உள்ளிருக்கும் ஆன்டெனா, பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 35,786 கிலோமீட்டரில் நிற்கும் ஒரே செயற்கைக்கோளைக் குறிபார்த்தபடி இருக்க வேண்டும். கப்பல் திரும்பி, புகைபோக்கி குறுக்கே வந்தால் நெட் போச்சு. "கோர்ஸ் எப்ப சார் மாறும்?" என்று கப்பலை ஓட்டும் அதிகாரியான செகண்ட் மேட்டிடம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கூப்பிடுவேன். அப்புறம் அந்த அரை நொடித் தாமதம். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். காசு கொடுத்து வாங்கிய 50 எம்பி டேட்டா கார்டில் பாதி இப்படியே தீர்ந்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு தட்டை ஆன்டெனா வந்தது. இதற்கான செயற்கைக்கோள்கள் தாழ்வாகச் சுற்றுபவை: ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில், ஒன்வெப் 1,200-இல். ஒன்று மறைந்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். புகைபோக்கி தகராறும் தாமதமும் ஓய்ந்தன. ஆனால் புகைக்கரியும் உப்பும் படிந்து ஆன்டெனா மேல் ஒரு பிசுக்கு ஏறிவிடும். வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வந்த கேடட் பையனோடு வாளியில் நன்னீர் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறேன். வங்கக்கடலில் மழை கொட்டினால் வேகம் படுத்துவிடும். அவசரத்துக்கு வைத்திருக்கும் இரிடியம் என்ற செயற்கைக்கோள் போன் மழைக்கு அசராது. வேகம் மட்டும் அதனிடம் கேட்கக்கூடாது.

சரி, கரை? மலாக்கா நீரிணையில் நுழைந்து போனில் 4ஜி எட்டிப்பார்த்ததும் அத்தனை பேரும் தட்டை ஆன்டெனாவை மறந்து சிம்முக்குத் தாவுகிறோம். சிங்கப்பூரில் நங்கூரமிட்டால் சுற்றிலும் கப்பல்கள். எல்லாருக்கும் அதே வானம், அதே அலைவரிசை. கரையில் ஒரு செல்போன் கோபுரம் சில தெருக்களைக் கவனித்தால் போதும். செயற்கைக்கோளின் ஒரு அலைக்கற்றை வீச்சோ பல கிலோமீட்டர் வட்டத்துக்குத் தன் வேகத்தைப் பங்கு வைக்க வேண்டும். ஊரில் ஆள் கூடினால் கோபுரத்தைக் கூட்டலாம், வானத்தில் அது சுலபமில்லை. அனுமதி தராத நாடுகளின் கடலெல்லைக்குள் ஆன்டெனாவை அணைத்தே வைக்க வேண்டும் என்பது வேறு.

போனே நேராகச் செயற்கைக்கோளோடு பேசும் என்கிறார்கள். 2022-இல் ஐபோன் 14 அவசரச் செய்தியோடு ஆரம்பித்தது. 2025-இல் அமெரிக்காவில் டி-மொபைல் என்ற செல்போன் நிறுவனம் சேவையாகவே தந்துவிட்டது. டவர் இல்லாத மலையில் குறுஞ்செய்தி அனுப்ப நிச்சயம் உதவும். ஆனால் என் அறை இரும்புப் பெட்டி. வானம் தெரியாத இடத்தில் அந்த போன் என்ன செய்யும்? கோபுரங்களை அது ஓரங்கட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடலில் மட்டும் இனி பழைய காலத்துக்குத் திரும்பிப் போக முடியாது. மாலுமிகளுக்கு இணைய வசதி குறித்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத் திருத்தமே 2024 டிசம்பர் 23 முதல் அமலில் இருக்கிறது.

போன மாதம், இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருந்து வீடியோ கால். என் பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவு. "அப்பா, ஒங்க படம் நின்னுட்டு" என்றாள் மகள். கோளாறு என் பக்கமில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில் டவர் எடுக்காது. "இருங்க, மாடிக்குப் போறோம்" என்று மனைவி போனோடு படியேறினாள்.